எல்லாப் பழியும் ஈ20 தலையிலா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. அரையாண்டுக் கணக்கு முடிப்பு, அப்புறம் தீபாவளி, இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு பைக். முதல் ரெண்டைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. பைக்கைப் பத்தி எழுதித்தான் ஆகணும். ஊர் விட்டு ஊர் வந்து வண்டி ஓட்டுற நம்மாளுங்க நிறைய பேருக்கு இதே கதைதான் நடக்குதுன்னு நினைக்கிறேன்.

இது நடந்தது 2025 புரட்டாசி ரெண்டாம் சனிக்கிழமை. குவாஹாட்டில இருக்கற தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசி சனிக்கிழமைன்னா பேட்குச்சி பக்கம் இருக்கற பாலாஜி கோயிலுக்குப் போயிடுவோம். நாலு தமிழ்க் குரல் கேக்கும், பிரசாதமும் கிடைக்கும். அன்னைக்கு மனைவிக்கு உடம்பு சரியில்லை. நானும் ப்ளஸ் ஒன் படிக்கிற மகளும் மட்டும் பைக்ல கிளம்பினோம். திரும்பி வரும்போது சர்வீஸ் ரோட்டுல இருந்து ஹைவேயில ஏறணும். பின்னாடி ஒரு லாரி வருது, ஆனா தூரத்துலதான். தாராளமா போயிடலாம்னு ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

வண்டி போகலை. "பக்"னு ஒரு இழுப்பு, அப்புறம் ஒண்ணுமே இல்லை. எஞ்சின் அணையவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ரெண்டு செகண்டு இருக்கும். லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கிட்டே வலது பக்கம் ஒடிச்சுப் போனார். அப்புறம் வண்டி ஒண்ணும் நடக்காத மாதிரி கிளம்புச்சு. மகள் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்குள்ள போனதும் அம்மாகிட்ட, "அப்பா வண்டில இனிமே நான் ஏற மாட்டேன்"னா. அவ்வளவுதான்.

வண்டியோட ஜாதகத்தைச் சொல்லிடறேன். 2009ல திருநெல்வேலில வாங்கினது. 150 சிசி, கார்புரேட்டர் வண்டி. 2023ல எனக்கு இங்க மாற்றல் வந்தப்போ, வித்துட்டுப் போங்கன்னு வீட்ல சொன்னாங்க. கேக்கலை. பெட்ரோலை ஒட்ட எடுத்துட்டு, சாக்கு சுத்தி, ரயில் பார்சல்ல போட்டேன். (பெட்ரோல் இருந்தா ரயில்வேல வாங்க மாட்டாங்க. இந்தத் தகவல் அப்புறம் தேவைப்படும், ஞாபகம் வச்சுக்குங்க.) வந்து சேரவே மூணு வாரம். அப்புறம் என்ஓசி, மறுபதிவுன்னு காகித வேலை முடியற வரைக்கும் அபார்ட்மென்ட் கீழ சும்மாவே நின்னுது.

லாரி சம்பவத்துக்கு முன்னாடியே ஒரு மாசமா வண்டி தயங்க ஆரம்பிச்சிருந்தது. சிக்னல்ல இருந்து கிளம்பும்போது ஒரு திணறல். நம்ம ஊர்ல "அடைக்குது"ம்பாங்க, இங்க "மிஸ்ஸிங் மார் ரஹா ஹை". மைலேஜும் 45ல இருந்து 34க்கு வந்துடுச்சு. மெக்கானிக்கிட்ட மூணு தடவை போனேன். முதல் தடவை பிளக் மாத்தினார். ரெண்டாவது தடவை இக்னிஷன் காயில். மூணாவது தடவை கார்புரேட்டரையே மாத்தினார். பிளக் 150, காயில் 750, கார்புரேட்டர் 3,100, மூணு தடவைக்கும் சேர்த்து கூலி 1,300. ஆக மொத்தம் 5,300 ரூபாய். புது கார்புரேட்டர் போட்ட பிறகு நாலு நாள் ஜம்முன்னு ஓடுச்சு. அஞ்சாவது நாள் பழையபடி திணறல். அதுக்கடுத்த சனிக்கிழமைதான் லாரி.

மறுபடி போய்க் கேட்டா ஒரே வார்த்தை: "ஈ20, சார்."

இதுக்கு மேல என்ன பேசறது? 2025 செப்டம்பர்ல நாடே அதைத்தான் பேசிக்கிட்டு இருந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்ல கிடைக்கணும்னு போட்ட பொதுநல வழக்கை செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணியிருந்தது. அதே மாசம் 14ஆம் தேதி இதே அசாம்ல நுமாலிகர்ல மூங்கில்ல இருந்து எத்தனால் எடுக்கற ஆலையைத் திறந்தாங்க. 1901லயே டிக்பாய்ல எண்ணெய் சுத்திகரிச்ச மாநிலம், இப்போ மூங்கிலையும் வண்டில ஊத்துது! வாட்ஸப்ல எல்லா குரூப்லயும் எஞ்சின் போச்சு, டேங்க் போச்சுன்னு வீடியோ. மெக்கானிக் சொன்னதை நானும் நம்பினேன். நம்பினேன்னு சொல்றதை விட, எதிர்த்துக் கேள்வி கேக்கற அளவுக்கு எனக்கு ஹிந்தி வராதுன்னு சொல்றதுதான் நிஜம். ஹெட் ஆபீஸ்ல பேசற ஹிந்தி வேற, "ஏன் காயிலை மாத்தினீங்க, அதுதான் கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்"னு கேக்கற ஹிந்தி வேற. நாம தலையாட்டிட்டுக் காசு குடுத்துட்டு வர்றோம். வெளியூர்ல இருக்கற யாருக்கும் இது புதுசு இல்லை.

அந்தக் கடுப்புல, நான் வழக்கமா போடற பங்க்ல போய் சண்டை போட்டேன். அதையும் சொல்லிடறேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. மேனேஜர் பொறுமையான மனுஷன். நான் கேட்டதும் அஞ்சு லிட்டர் அளவைக் கொண்டு வந்து அளந்து காட்டினார். ஃபில்டர் பேப்பர் குடுத்தார். நாசில்ல இருந்து ஒரு சொட்டு விட்டேன், காஞ்சதும் கறையே இல்லை. டேங்க்ல தண்ணி இருக்கான்னு காலையில குச்சி விட்டுப் பாத்த பதிவையும், அன்னைய டென்சிட்டியையும் காட்டினார். இந்த ஃபில்டர் பேப்பரும் அஞ்சு லிட்டர் அளவும் எந்த பங்க்லயும் நாம கேட்டு வாங்கிப் பாக்கலாம், அது நம்ம உரிமை. ஆனா ஒண்ணு, அந்தப் பேப்பர் மண்ணெண்ணெய் மாதிரி கலப்படத்தைத்தான் காட்டும், எத்தனாலைக் காட்டாது. எப்படியோ, அவர் பக்கம் தப்பு இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன்.

கீழ் வீட்ல ஒரு அண்ணன் இருக்கார். ஆம்பூர்க்காரர், ராணுவத்துல ஈ.எம்.இ.ல வண்டி ரிப்பேர் பாத்து ஓய்வு பெற்றவர். இவர்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம். வெக்கம். பேங்க் ஆபீசர், பைக்கைத் தள்ளிக்கிட்டு அவர் வாசல்ல நிக்கறதான்னு ஒரு இது. ஞாயித்துக்கிழமை காலையில அவரே வந்து கேட்டார்.

"சார், சோக் இழுத்தா எப்படி இருக்கு?"

இழுத்துப் பாக்கலைண்ணேன்னேன். எஞ்சின் சூடான பிறகு அரைச் சோக் இழுத்து ஓட்டிட்டு வரச் சொன்னார். ஒரு ரவுண்டு அடிச்சேன். திணறல் முக்கால்வாசி போயிடுச்சு!

"அப்போ இது கரண்ட் பக்கம் இல்லை சார். பெட்ரோல் போதலை."

விஷயம் எவ்வளவு எளிசுன்னு பாருங்க. சோக் இழுத்தா காத்து குறையும், பெட்ரோல் விகிதம் கூடும். அப்போ வண்டி நல்லா ஓடுதுன்னா, அதுவரைக்கும் பெட்ரோல் பத்தாம தவிச்சிருக்குன்னு அர்த்தம். பிளக்கோ காயிலோ கெட்டிருந்தா சோக் இழுத்தாலும் திணறல் அப்படியேதான் இருக்கும். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானா, பெட்ரோல் ஏற்கனவே அதிகமாப் போகுது, ஏர் ஃபில்டரைப் பாக்கணும். பத்து நிமிஷ சோதனை, செலவு கிடையாது. இதை முதல்லயே செஞ்சிருந்தா 900 ரூபாய்க்கு பிளக்கும் காயிலும் மாத்தியிருக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி: "ரிசர்வ்ல போட்டா?"

ரிசர்வ்ல இன்னும் மோசமா இருக்கும்ணே, அது எனக்கே தெரியும்னேன். அவர் சிரிச்சார். மெயின் குழாய் டேங்க் அடியில இருந்து கொஞ்சம் உயரத்துல பெட்ரோல் எடுக்கும், ரிசர்வ் அடிமட்டத்துல இருந்து எடுக்கும். பெட்ரோலை விடக் கனமான தண்ணியும் துருவும் தங்கறது அடியிலதான். ரிசர்வ்ல மோசம்னா கோளாறு டேங்க்குக்குள்ள இருக்கு. ஒரு மாசமா கையில வச்சிருந்த தடயம், யாரும் என்னைக் கேக்கலை, நானும் சொல்லலை.

எஞ்சினை ஆற விட்டு, திறந்த வெளியில வச்சு (பக்கத்துல பீடி, செல்போன் எதுவும் கூடாதுன்னு அண்ணன் கண்டிப்பு) கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கற சின்ன ஸ்க்ரூவைத் திருகி, வந்ததை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சோம். அஞ்சு நிமிஷத்துல அடியில தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சுது. அதுக்கும் கீழ காப்பித்தூள் மாதிரி துரு. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா உள்ள ஒரு பக்கம் பூரா செம்மண் நிறம்.

இப்போ அந்த ரயில் பார்சலுக்கு வாங்க. பெட்ரோல் எடுத்த காலி டேங்க், மூணு வாரம் பார்சல் ஆபீஸ், அப்புறம் மாசக்கணக்குல குவாஹாட்டி ஈரக்காத்து. உள்ள துரு பிடிக்காம என்ன செய்யும்? அந்தத் துரு கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சு வந்து பைலட் ஜெட்ல உக்காந்திருக்கு. ஜெட்டுல இருக்கற ஓட்டை ஊசி முனை அளவுகூட இல்லை. புது கார்புரேட்டர் நாலு நாள் நல்லா ஓடினதுக்கும் இதான் காரணம். புது ஜெட் அடைய நாலு நாள் ஆச்சு, அவ்வளவுதான்.

தண்ணி எங்க இருந்து வந்தது? இது எனக்குத் தெரியவே தெரியாத விஷயம். பெட்ரோல் மூடியைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல மழைத்தண்ணி தேங்காம கீழ போக ஒரு சின்ன துவாரம் இருக்கும். நம்ம வண்டில அது அழுக்கு சேர்ந்து அடைச்சுப் போயிருந்தது. மூடியோட ரப்பரும் கல்லு மாதிரி. பிராஞ்ச் வாசல்ல நிழல் கிடையாது, குவாஹாட்டி மழையைச் சொல்லவே வேண்டாம். நாலு மாச மழையில தேங்கின தண்ணி ரப்பர் வழியா சொட்டுச் சொட்டா உள்ள போயிருக்கு. பங்க்காரரைப் போய்த் திட்டிட்டு வந்தேனே!

அப்போ ஈ20 நிரபராதியான்னா, அதுவும் இல்லை. இங்கதான் நான் சொல்ல வந்ததே இருக்கு.

பேங்க்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா, வித்தியாசத்தைத் தேடணும். வித்தியாசம் 9ஆல வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கான்னு பாக்கணும், பாதித் தொகையில ஒரு என்ட்ரி இருந்தா பக்கம் மாறியிருக்கான்னு பாக்கணும். தேட சோம்பேறித்தனம் வந்தா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். 2025ல மெக்கானிக்குகளுக்குக் கிடைச்ச சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான் ஈ20. எந்தக் கோளாறு வந்தாலும் தூக்கி அதுல போட்டுடலாம். எதிர்ப்பக்கமோ, ஈ20ஆல ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்லி அப்படி ஒரு கணக்கே கிடையாதுங்குது. ரெண்டு பேரும் தேடறதுக்குத் தயாரா இல்லை.

கணக்கைப் போட்டுப் பாப்போம். நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலயே, சுத்த பெட்ரோலுக்குன்னு வடிவமைச்சு ஈ10க்கு ட்யூன் பண்ணின இருசக்கர வண்டிகள்ல ஈ20 போட்டா 3ல இருந்து 4 சதவீதம் மைலேஜ் குறையலாம்னு போட்டிருக்கு. 45ல 4 சதவீதம்னா 1.8. அதாவது 43க்கு மேல கிடைச்சிருக்கணும். அதை நம்பாம, லிட்டருக்கு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மிங்கற கணக்கை வச்சே பாத்தாலும், 20 சதவீதக் கலப்புக்கு 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ வருது. அப்பவும் 42. என் வண்டி குடுத்தது 34. மிச்சம் 8 கிலோமீட்டர் எங்க போச்சு? அது துருவும் தண்ணியும். 45 குடுத்த வண்டி 30 குடுக்குதுன்னா அதை முழுசா ஈ20 பேர்ல எழுத எந்த ஆடிட்டரும் விட மாட்டார்.

அதே நேரம் அந்த 3, 4 சதவீதம் நிஜம். இன்னொண்ணும் நிஜம். எத்தனால்லயே ஆக்ஸிஜன் இருக்கு. அதனால பழைய பெட்ரோலுக்கு செட் பண்ணின கார்புரேட்டர்ல ஈ20 போட்டா கலவை கொஞ்சம் நீர்த்துதான் போகும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடிச்சு சரி பண்ணிக்கும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. ஜெட் சுத்தமா இருந்தா இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாமலே போகலாம். பாதி அடைச்ச ஜெட்ல இதுவும் சேரும்போதுதான் வண்டி நடு ரோட்டுல நிக்குது. எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். என் வண்டியோட பெட்ரோல் ட்யூபை மடிச்சா உள்பக்கம் வெடிப்பு வெடிப்பா இருந்தது. எத்தனால் தண்ணியையும் இழுக்கும். கொஞ்சம் தண்ணின்னா தன்னோட கரைச்சு எஞ்சின்ல எரிச்சு வெளிய தள்ளிடும், அது நல்லதுதான். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு அடியில உக்காந்துடும். பாட்டில்ல நாங்க பாத்த அடுக்கு அதுதான்.

பெட்ரோல்ல எத்தனால் எவ்வளவுன்னு பாக்கவும் அண்ணன் வழி சொன்னார். மகளோட பழைய கெமிஸ்ட்ரி அளவு ஜாடில 10 மில்லி தண்ணி, மேல 90 மில்லி புது பெட்ரோல். மூடி, குலுக்கி, வச்சுட்டா எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழ வந்துடும். 20 சதவீதம்னா 90ல 18 மில்லி. கீழ் அடுக்கு 28க்குப் பக்கத்துல நிக்கணும். நின்னுது. பங்க்காரர் மேல இருந்த கடைசி சந்தேகமும் போச்சு. (அந்தப் பெட்ரோலைத் திரும்ப டேங்க்ல ஊத்திடாதீங்க!)

சரி பண்ண என்ன ஆச்சு? மூடி ரப்பர் 70, பெட்ரோல் ட்யூப் 60, ட்யூப் நடுவுல மாட்டற ஃபில்டர் 80, சிட்ரிக் ஆசிட் 90. இங்க கடையில "நிம்பு சத்"னு கேட்டா குடுப்பாங்க. மொத்தம் 300 ரூபாய். பெட்ரோலை முழுசா எடுத்து, டேங்க்கைக் கழட்டி நல்லாக் கழுவி, வெந்நீர்ல சிட்ரிக் ஆசிட் கரைச்சு ராத்திரி பூரா ஊற வச்சோம். காலையில சோடா உப்புத் தண்ணி விட்டு அலசி, வெயில்ல காய வச்சு, காஞ்ச உடனே முழு டேங்க் பெட்ரோல். ஜெட்டைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணினோம். மூடிப் பள்ளத்துத் துவாரத்தைக் கம்பியால குத்தினோம், செலவில்லை. ஒரு ஞாயிறு, ஒரு திங்கள் லீவு.

அரசாங்கத்துக்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். 2018 உயிரி எரிபொருள் கொள்கையில 20 சதவீதம்கிறது 2030க்கான இலக்கு. அதை முன்னுக்கு இழுத்தாங்க. 2022 ஜூன்ல 10 சதவீதம் தொட்டு, 2025லயே 20ஐத் தொட்டாச்சு. நல்லது, கரும்பு விவசாயிக்கு காசு, அந்நியச் செலாவணி மிச்சம், ஒத்துக்கறேன். ஆனா அதே நிதி ஆயோக் அறிக்கை பழைய வண்டிகளுக்காக ஈ10ஐயும் விட்டு வைக்கணும்னு சொல்லியிருந்ததே, அது எங்க? பேங்க்ல ஒரு வாடிக்கையாளருக்கு வட்டி விகிதத்தை மாத்தினா நாங்க தெரிவிச்சாகணும். பதினஞ்சு வருஷம் பழைய வண்டிக்காரருக்கு, உன் பெட்ரோல் மாறுது, இந்த ரப்பரை மாத்து, இந்த ட்யூபைப் பாருன்னு யாராவது பங்க்ல ஒரு நோட்டீஸ் ஒட்டலாம் இல்லையா?

நமக்கு இன்னொரு விஷயம் இருக்கு. மே மாசம் ஊருக்குப் போனா ஒரு மாசம், சில பேர் ரெண்டு மாசம் வண்டியை விட்டுட்டுப் போறோம். பெட்ரோல் விக்கற விலைக்கு காலி டேங்க்கோட விட்டுட்டுப் போறதுதான் நம்ம வழக்கம். அதுதான் தப்பு. டேங்க்கை நிரப்பிட்டுப் போங்க, உள்ள ஈரக்காத்துக்கு இடம் இருக்காது. கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் காக்கை மூடிட்டு, கிண்ணத்துல இருக்கறது தீர்ந்து வண்டி தானா அணையற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க. மழையில நனையாம மூடியைப் போத்தி வைங்க. இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்க டேங்க்கை அடிவரைக்கும் காய விடாதீங்க, பெட்ரோல் பம்ப் சூடு தணியறதே அதைச் சுத்தி இருக்கற பெட்ரோல்லதான். சாவி போட்டதும் ரெண்டு செகண்டு "ஙொய்"னு பம்ப் சத்தம் வருதான்னு தினமும் கவனிங்க. அது வராம வண்டி அடைச்சா முதல் சந்தேகம் அங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடி நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு தானே கிளம்பற வண்டின்னா பெட்ரோல் மூடியைத் திறங்க. "உஸ்"னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா மூடியில காத்துத் துவாரம் அடைப்பு.

மெக்கானிக்கிட்ட போகும்போது ரெண்டு வரி போதும்: "சோக் மே அச்சா சல்தா ஹை. பெஹ்லே டங்கி கா கச்ரா தேகியே." அப்புறம், கழட்டின பழைய பார்ட்டைக் கையில கேட்டு வாங்கிக்குங்க. என் பழைய கார்புரேட்டரை நான் கேட்டு வாங்கியிருந்தேன், புண்ணியம். அண்ணன் அதைப் பிரிச்சு, காத்தடிச்சு, திரும்ப மாட்டி ஓட்டிப் பாத்தார். ஒரு குறையும் இல்லை. இப்போ 3,100 ரூபாய் கார்புரேட்டர் பால்கனில ஒரு பையில தொங்குது. :-)

வண்டி இப்போ 42 குடுக்குது. சர்வீஸ் ரோட்டுல இருந்து ஹைவே ஏறும்போது இன்னும் கை தானா சோக் பக்கம் போகுது. மகள் இன்னும் ஏறலை, ட்யூஷனுக்கு பஸ்லதான் போறா. வீட்ல, "பதினாறு வருஷ வண்டிங்க, எவ்வளவுக்குப் போகும்னு விசாரிங்களேன்"னாங்க. விசாரிச்சேன். எவ்வளவுன்னு வீட்ல சொல்லலை.

உங்க பைக் மூடியைச் சுத்தி அந்தத் துவாரம் எங்க இருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க. வண்டிக்கு வண்டி இடம் மாறும்.